போட்டோ3 கலெக்‌ஷன் தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எங்கள் அணியில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள், ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களும் உண்டு. பைத்தானில், போட்டோ3 (boto3) என்ற லைப்ரரியைக் கொண்டு ஸ்கிரிப்ட் எழுதி ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குகளைப் பராமரிக்கிறோம். புதிதாகச் சேருகிற யாராக இருந்தாலும் முதல் சில வாரங்களுக்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஃபில்டர் போட்டேன், ஒண்ணுமே வரல" என்று நிற்பார்கள். அப்புறம் "லூப் முடியவே மாட்டேங்குது", அப்புறம் "அழிச்சேன், இன்னும் இருக்கு". இத்தனை வருடத்தில் அதே எட்டு ஒன்பது கோளாறுகளைத்தான் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். அவற்றை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கீழே போகப்போக நேரமும் பணமும் ஆபத்தும் கூடும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கலெக்‌ஷன் என்பது சர்வர்கள், கோப்புகள் போன்றவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க போட்டோ3 தரும் பொருள், அது ஒரு பட்டியல் கிடையாது. பக்கெட்டின் (எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில் கோப்புகளை வைக்கும் கொள்கலன்) ஆப்ஜெக்ட்ஸ் (அதிலுள்ள கோப்புகள்) மீது ஆல் என்றோ ஃபில்டர் என்றோ எழுதும் வரியில் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு ஒரு அழைப்புகூடப் போவதில்லை. ஃபார் லூப் சுற்றத் தொடங்கும்போது, லிஸ்ட்டாக மாற்றும்போது, அல்லது டெலீட், ஸ்டாப் போன்ற மொத்தச் செயலைக் கூப்பிடும்போதுதான் போகிறது. அதே கலெக்‌ஷனை மறுபடி சுற்றினால் மறுபடி புதிதாகப் போகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

கோடைத் தொடாமல் மூன்று கேள்விக்குப் பதில் எடுங்கள்.

யாராக அழைக்கிறோம்? டெர்மினலில் ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி ஓட்டினால் கணக்கு எண்ணும் ரோலும் (எந்த அனுமதிகளோடு அழைக்கிறோம் என்ற அடையாளம்) வரும். ஸ்கிரிப்ட் ஓடும் அதே விண்டோவில் ஓட்டுங்கள். என்விரான்மென்ட் வேரியபிளில் பழைய அணுகல் கீ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், கிரெடென்ஷியல் கோப்பில் எழுதியிருப்பதை அது முந்திக்கொள்ளும்.

எங்கே அழைக்கிறோம்? ரிசோர்ஸின் (சேவையைப் பொருள்களாகக் காட்டும் போட்டோ3 இடைமுகம்) மெட்டா, அதன் கிளையன்ட் (அழைப்புகளை நேரடியாக அனுப்பும் அடிமட்ட இடைமுகம்), அதன் மெட்டா, அதில் ரீஜன்_நேம். இதைப் பிரின்ட் செய்து பாருங்கள். கான்ஃபிக் கோப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

எப்போது, எத்தனை முறை அழைக்கிறோம்? போட்டோ3-இன் செட்_ஸ்ட்ரீம்_லாகரை டீபக் மட்டத்தில் "போட்டோ3.ரிசோர்சஸ்" என்ற பெயருக்குப் போடுங்கள். எந்த வரியில் எந்த அழைப்பு, என்ன அளவுருக்களோடு போகிறது என்று தெரியும். பெயரை வெறுமையாக விட்டு மொத்த லாகையும் திறந்தால் அனுப்புகிற, வருகிற தரவெல்லாம் கொட்டும். அந்த லாகை அணி சாட்டில் ஒட்டாதீர்கள், ரகசியம் வெளியே போய்விடும்.

## லூப் சுற்றுகிறது, ஒன்றும் வரவில்லை, எரரும் இல்லை

### இசி2 என்றால்

இசி2 ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவை, அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு இன்ஸ்டன்ஸ். முதல் சந்தேகம் ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி). இசி2 கலெக்‌ஷன் ஒரே ஒரு ரீஜனைத்தான் பார்க்கும். பெங்களூரில் உட்கார்ந்து வேலை செய்தாலும் எங்கள் சர்வர்கள் இருப்பது மும்பையில், அதாவது 2016-இல் வந்த ஏபி-சவுத்-1-இல். 2022 நவம்பரில் ஹைதராபாத் ரீஜனும், ஏபி-சவுத்-2, சேர்ந்துகொண்டது. புது லேப்டாப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி யுஎஸ்-ஈஸ்ட்-1 என்று பதிந்து வைத்திருந்தால், ஸ்கிரிப்ட் அமெரிக்காவில் போய்த் தேடும். அங்கே நமக்கு ஒன்றும் இல்லை என்பது சரியான பதில்தான், அதனால்தான் எரர் வருவதில்லை. ரிசோர்ஸை உருவாக்கும் வரியிலேயே ரீஜனை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஹைதராபாத் ரீஜனைக் கணக்கில் தனியாக இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இயக்காவிட்டால் அங்கே அழைப்பே ஏற்கப்படாது.

ரீஜன் சரி என்றால் கணக்கு. டெவ் கணக்கில் நின்றுகொண்டு புரொடக்‌ஷன் சர்வரைத் தேடுவது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது.

அதுவும் சரி என்றால் ஃபில்டரின் எழுத்து. ஃபில்டரின் பெயரைத் தப்பாக எழுதினால் ஏடபிள்யூஎஸ் எரர் கொடுத்துவிடும். மதிப்பைத் தப்பாக எழுதினால் ஒன்றும் சொல்லாமல் வெறுமையைத் தரும். இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட்-நேம் ஃபில்டருக்கு "ரன்னிங்" முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். டேக் (சர்வர்மேல் நாம் ஒட்டும் பெயரும் மதிப்பும்) பெயரிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கப்படும். ஒரு அணி "என்வ்" என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொரு அணி சிறிய எழுத்திலும் டேக் போட்டிருந்தால் பாதி சர்வர் கண்ணில் படாது. கன்சோலில் ஒரு சர்வரைத் திறந்து அதன் டேக்கை அப்படியே காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள்.

ஃபில்டர்மேல் ஃபில்டர் போட்டால் இசி2-இல் நிபந்தனைகள் சேர்ந்துகொள்ளும். டெவ் என்றும் கேட்டு, பில்லிங் அணி என்றும் கேட்டால் இரண்டும் பொருந்துவதுதான் வரும். எஸ்3-இல் பிரிஃபிக்ஸை (கீ, அதாவது கோப்பின் முழுப் பெயர், எப்படித் தொடங்க வேண்டும் என்பது) இரண்டு முறை கொடுத்தால் பிந்தையது முந்தையதை அழித்துவிடும். இதற்கு எதிர் அறிகுறியும் உண்டு: ஃபில்டர் போட்டும் எல்லாமே வருகிறது என்றால், ஃபில்டர் திருப்பித் தந்த புதுக் கலெக்‌ஷனை எந்த வேரியபிளிலும் வாங்கிவைக்காமல் பழையதையே சுற்றுகிறீர்கள் என்று அர்த்தம். ஃபில்டர் பழையதை மாற்றுவதில்லை.

### எஸ்3 என்றால்

பிரிஃபிக்ஸின் தொடக்கத்தில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். "/லாக்ஸ்/2025" என்று கொடுத்தால் சாய்கோட்டில் தொடங்கும் கீயைத் தேடும், நம் கீகள் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. அடுத்து நட்சத்திரக் குறி. இசி2 ஃபில்டர் மதிப்புகளில் அது வேலை செய்யும். எஸ்3 பிரிஃபிக்ஸில் அது வெறும் ஒரு எழுத்து. "எல்லா ஜிப் கோப்பும்" வேண்டுமென்றால் பிரிஃபிக்ஸால் குறுக்கிவிட்டு, கடைசிப் பகுதியை லூப்புக்குள் எண்ட்ஸ்வித் கொண்டு நீங்களே சரிபார்க்க வேண்டும்.

ஃபோல்டர்களின் பெயர் மட்டும் வேண்டும் என்று டெலிமிட்டர் (பெயரைப் பிரிக்கும் குறி, பொதுவாகச் சாய்கோடு) கொடுத்தவர்களுக்கும் வெறுமைதான் வரும். எஸ்3-இல் ஃபோல்டர் என்று ஒன்று இல்லை. டெலிமிட்டர் கொடுத்தால் வரும் பொதுப் பிரிஃபிக்ஸ் பட்டியலைக் கலெக்‌ஷன் வெளியே காட்டுவதில்லை. அதற்குக் கிளையன்ட்டின் லிஸ்ட்_ஆப்ஜெக்ட்ஸ்_வி2 பேஜினேட்டருக்கு (பக்கம் பக்கமாக எடுத்துத் தருவது) போக வேண்டும்.

### கீயில் தமிழ் எழுத்து இருந்தால்

இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் மொழிக்காரர்களுக்குத்தான் இது நேர்கிறது. தமிழ் ஸ்கேன் கோப்புகளை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்காக "கொங்கு/" என்ற பிரிஃபிக்ஸில் தேடினோம். கன்சோலில் கோப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு மாலை முழுக்கப் போனது.

"கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஒ-காரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியெண். அல்லது க, எ-காரக் கொம்பு, கால் என்று மூன்று குறியெண். திரையில் இரண்டும் ஒன்றேபோல்தான் தெரியும். எஸ்3 பைட்டுகளை ஒப்பிடுவதால் அதற்கு அவை வெவ்வேறு பெயர்கள்: ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். கோ, கௌ வரிசைக்கும் இதே சிக்கல் உண்டு. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து வைக்கும் வழக்கமுடையது. அங்கிருந்து ஏற்றிய கோப்புகளில் இது அதிகம்.

சோதனை எளிது. பக்கெட்டிலிருந்து வந்த கீயையும் நீங்கள் தட்டச்சிட்டதையும் லென் கொண்டு அளந்து பாருங்கள். எண் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. இனி ஏற்றும் கோப்புகளுக்கு யூனிகோட்டேட்டா மாடியூலின் நார்மலைஸை என்எஃப்சி வடிவில் போட்டுவிட்டு ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏறியவற்றின் பெயரை மாற்ற நேர்வழி இல்லை. புதுப் பெயருக்குக் காப்பி செய்து, எண்ணிக்கையும் அளவும் சரிபார்த்து, பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். லட்சக்கணக்கில் இருந்தால் செலவைக் கணக்கிட்டுப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதன் தம்பி ஒன்று: எஸ்3 நிகழ்வு அறிவிப்பு வழியாக வரும் கீயில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாகவும், இடைவெளி கூட்டல் குறியாகவும் மாறியிருக்கும். அன்க்வோட்_பிளஸ் (unquote_plus) போடாமல் அதை அப்படியே தேடினால் கிடைக்காது.

### எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

ரீஜன், கணக்கு, ஃபில்டர் மூன்றும் சரி, கன்சோலிலும் காணவில்லை என்றால் அந்த ரிசோர்ஸ் வேறு கணக்குக்குப் போயிருக்கலாம், அல்லது யாரோ அழித்திருக்கலாம். கணக்கு நிர்வாகியிடம் கிளவுட்டிரெயில் (கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு) பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே புதிதாக ஒன்றை உருவாக்கிச் சமாளிக்க வேண்டாம்.

## டைப்எரர் வருகிறது

"நாட் இட்டரபிள்" என்றால் இசி2 டாட் இன்ஸ்டன்சஸ் என்பதை நேரடியாகச் சுற்றியிருக்கிறீர்கள். அது கலெக்‌ஷனை உருவாக்கித் தரும் மேலாளர் மட்டும். ஆல் அல்லது ஃபில்டர் சேர்த்தால் சரியாகிவிடும்.

லென் இல்லை, அல்லது சதுர அடைப்பில் 0 போட முடியவில்லை என்றால் லிஸ்ட்டாக மாற்றுங்கள். கோடிக்கணக்கில் ஆப்ஜெக்ட் இருக்கும் பக்கெட்டில் மட்டும் மாற்றாதீர்கள், மெமரி நிரம்பிவிடும். அங்கே லூப்பில் எண்ணுங்கள்.

எரரே வராத ஒரு தவறும் இதே குடும்பம்தான். "இஃப்" போட்டு கலெக்‌ஷனைச் சோதித்தால் அது எப்போதும் உண்மை என்றே சொல்லும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க லிமிட் 1 போட்டு லிஸ்ட்டாக்கி, அந்த லிஸ்ட்டைச் சோதியுங்கள்.

"நன்டைப் நாட் இட்டரபிள்" என்றால் டேக்குகள். டேக்கே இல்லாத இன்ஸ்டன்ஸுக்கு டேக்ஸ் என்பது வெறும் பட்டியலாக வராது, நன் (None, அதாவது மதிப்பே இல்லை) ஆக வரும். "இன்ஸ்டன்ஸ் டாட் டேக்ஸ் ஆர்" என்று எழுதி, பக்கத்தில் வெறும் சதுர அடைப்பைப் போட்டால் போதும்.

ஆப்ஜெக்ட்சம்மரியில் கன்டென்ட்_டைப் இல்லை, மெட்டாடேட்டா இல்லை என்று அட்ரிபியூட்எரர் வந்தால், லூப்பில் வருவது முழு ஆப்ஜெக்ட் அல்ல, அதன் சுருக்கம் என்று புரிந்துகொள்ளுங்கள். கீ, சைஸ், கடைசியாக மாறிய நேரம், ஈடேக், சேமிப்பு வகை போன்ற சில மட்டும்தான் அதில் உண்டு. மற்றதற்கு அதன்மேல் ஆப்ஜெக்ட் என்று கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு ஆகும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

## முடியவே மாட்டேன் என்கிறது

இசி2-இல் இமேஜஸ் (சர்வர் உருவாக்கும் வார்ப்புகள்) ஆல் அல்லது ஸ்னாப்ஷாட்ஸ் (டிஸ்க்கின் நகல்கள்) ஆல் எழுதியிருக்கிறீர்களா? உங்களுடையதோடு உலகம் பொதுவில் வைத்திருக்கும் இமேஜ்களும் ஸ்னாப்ஷாட்களும் வரும். இமேஜுக்கு ஓனர்ஸ் "செல்ஃப்", ஸ்னாப்ஷாட்டுக்கு ஓனர்ஐடிஸ் "செல்ஃப்" என்று ஃபில்டர் போடுங்கள். நிமிடங்கள் நொடிகளாகிவிடும்.

எஸ்3-இல் மெதுவென்றால் அழைப்புகளை எண்ணுங்கள். பட்டியலிடும் ஒரு அழைப்பில் அதிகபட்சம் 1000 ஆப்ஜெக்ட் வரும். பேஜ்_சைஸை 5000 என்று எழுதினாலும் 1000-தான். ஒரு கோடி ஆப்ஜெக்ட் இருந்தால் 10,000 அழைப்பு. லூப்புக்குள் ஒவ்வொன்றின் கன்டென்ட்_டைப்பையும் கேட்டால் அதற்கு மேல் ஒரு கோடி அழைப்பு. மெதுவாக ஓடுவதோடு மாதக் கடைசியில் பில்லிலும் தெரியும். சுருக்கத்தில் இருக்கும் தகவலே போதுமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

லிமிட்டையும் பேஜ்_சைஸையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. மொத்தம் எத்தனை வேண்டும் என்பது லிமிட், ஒரு அழைப்பில் எத்தனை என்பது பேஜ்_சைஸ். லிமிட் 1 என்று எழுதினாலும் எஸ்3 ஒரு முழுப் பக்கத்தை அனுப்பிவிடும், போட்டோ3 அதில் ஒன்றை எடுத்துத் தரும்.

ஒரே கலெக்‌ஷனை எண்ணிக்கைக்கு ஒருமுறை, அளவுக்கு ஒருமுறை, அறிக்கைக்கு ஒருமுறை என்று மூன்று லூப் சுற்றியிருக்கிறீர்களா? மூன்று மடங்கு அழைப்பு. ஒரே லூப்பில் மூன்றையும் செய்யுங்கள்.

இடையில் ரிக்வெஸ்ட்லிமிட்எக்ஸீடட் அல்லது ஸ்லோடவுன் வந்தால் வேகம் அதிகம். கான்ஃபிக்கில் ரீட்ரைஸ் மோடை ஸ்டாண்டர்ட் என்றோ அடாப்டிவ் என்றோ வைத்து மேக்ஸ்_அட்டெம்ப்ட்ஸை உயர்த்துங்கள். எஸ்3 ஒரு பிரிஃபிக்ஸுக்கு நொடிக்கு 5,500 படிக்கும் அழைப்பு, 3,500 எழுதும் அல்லது அழிக்கும் அழைப்பு வரை தாங்கும் என்று ஏடபிள்யூஎஸ் சொல்கிறது. பத்து மெஷினில் ஒரே பிரிஃபிக்ஸை அடித்தால் அது போதாது.

எக்ஸ்பயர்ட்டோக்கன் என்று பாதியில் அறுந்தால், ரோலின் செஷன் முடிந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த கீயை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். மறுபடி தொடங்கும்போது ஆப்ஜெக்ட்ஸ் ஃபில்டரில் அதை மார்க்கராகக் கொடுத்தால் அதற்கு அடுத்ததிலிருந்து தொடரும். இரவு ஓடும் வேலைகளுக்கெல்லாம் நான் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

இதெல்லாம் செய்தும் மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் கலெக்‌ஷன் அந்த வேலைக்கு ஏற்றதில்லை. மொத்த அளவும் எண்ணிக்கையும் மட்டும் வேண்டும் என்றால் கிளவுட்வாட்ச்சில் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவை) தினமும் பதிவாகிறது. முழுப் பட்டியல் வேண்டும் என்றால் எஸ்3 இன்வென்டரியை இயக்கச் சொல்லிப் பக்கெட் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தினமோ வாரமோ ஒருமுறை பட்டியல் கோப்பாக வந்துவிடும். அதற்குக் கட்டணம் உண்டு, ஆகவே நீங்களாக இயக்க வேண்டாம்.

## எக்செப்ஷனைப் பிடித்தேன், ஆனாலும் ஸ்கிரிப்ட் விழுகிறது

ட்ரை போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கெட் என்று பெயர் கொடுக்கும் வரியைச் சுற்றிப் போட்டிருப்பீர்கள். அங்கே அழைப்பே போவதில்லை, இல்லாத பக்கெட் பெயரைக் கொடுத்தாலும் அமைதியாக இருக்கும். நோசச்பக்கெட், அக்சஸ்டினைட் எல்லாம் லூப்பின் முதல் சுற்றில்தான் வெடிக்கும். 1000 ஆப்ஜெக்ட்டுக்குப் பிறகு அடுத்த பக்கம் எடுக்கும்போதும் வெடிக்கலாம். ட்ரை, லூப்பைச் சுற்றி இருக்க வேண்டும்.

அக்சஸ்டினைட் என்றால் முதலில் யார் என்று பாருங்கள். அடுத்து பாலிசி (யாருக்கு என்ன அனுமதி என்று எழுதிய விதி). பட்டியலிடும் அனுமதியான லிஸ்ட்பக்கெட் பக்கெட்டின் மேல் இருக்க வேண்டும், கெட்ஆப்ஜெக்ட் பக்கெட்டுக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்ததன் மேல் இருக்க வேண்டும். இரண்டையும் நட்சத்திர வடிவத்துக்கே கொடுத்துவிட்டால் கோப்பைப் படிக்கலாம், பட்டியலிட முடியாது. இந்த ஒரு வரியைத்தான் நான் அதிகமாகத் திருத்தியிருக்கிறேன். லிஸ்ட்பக்கெட் இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டாலும் 404-க்குப் பதில் 403 வரும் என்பதால், "பெர்மிஷன் இல்லை" என்று அலைந்து, கடைசியில் கோப்பே இல்லை என்று தெரியவருவதும் உண்டு.

எரர் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். "எக்ஸ்பிளிசிட் டினை" என்ற சொல் இருந்தால் உங்கள் ரோலில் எத்தனை அனுமதி சேர்த்தாலும் பலனில்லை. பக்கெட் பாலிசியோ, நிறுவன அளவிலான கட்டுப்பாட்டு பாலிசியோ தடுக்கிறது. அங்கே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு அணியிடம் போங்கள். இடைவழியாக அட்மின் ரோலைக் கடன் வாங்கி ஓட்டிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தத் தடையை யாரோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள்.

## கடைசி பத்து கோப்பு கேட்டேன், பழையது வருகிறது

எஸ்3 கீயின் எழுத்து வரிசையில்தான் தருகிறது, நேர வரிசையில் இல்லை. லிமிட் 10 என்றால் அகர வரிசையில் முதல் பத்து. புதியது வேண்டுமென்றால் முழுதும் எடுத்து லாஸ்ட்_மாடிஃபைட் வைத்து நீங்கள் வரிசைப்படுத்த வேண்டும். அதைவிட, கீயிலேயே வருடம், மாதம், தேதி வரும்படி பெயரிட்டு, அந்த நாளின் பிரிஃபிக்ஸை மட்டும் கேட்பது மலிவு.

தேதியைப் பிரிஃபிக்ஸாக வைப்பவர்கள் கவனிக்க: அங்கே நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். பெங்களூரில் காலை 5:30-க்கு முன் ஏறும் கோப்பு அங்கே நேற்றைய தேதி. நள்ளிரவுக்குப் பிறகு ஓடும் வேலை "இன்றைய" கோப்பைக் காணவில்லை என்று அலறுவது இதனால்தான். லாஸ்ட்_மாடிஃபைடை டேட்டைம் டாட் நவ்வோடு நேரடியாக ஒப்பிட்டால் நேர மண்டலம் இல்லாததும் உள்ளதும் ஒப்பிட முடியாது என்று டைப்எரர் வரும். நவ்-க்குள் யுடிசி மண்டலத்தைக் கொடுங்கள்.

## ஸ்டாப் செய்த சர்வர் இன்னும் ரன்னிங் என்கிறது

இன்ஸ்டன்ஸின் பண்புகள் ஒருமுறை எடுத்ததும் நினைவில் நிற்கும். ரீலோட் கூப்பிட்டுவிட்டுப் பாருங்கள். புதிதாகத் தொடங்கிய இன்ஸ்டன்ஸின் பொது ஐபி முகவரி நன் என்று வருவதற்கும் இதே மருந்து: வெயிட்_அன்டில்_ரன்னிங், அதன்பின் ரீலோட். டெர்மினேட் செய்தது பட்டியலில் சுமார் ஒரு மணி நேரம் வரை தெரிந்துகொண்டிருக்கும், அது கோளாறில்லை. ஸ்டேட் ஃபில்டர் போட்டு விலக்குங்கள்.

எஸ்3-இல் எழுதியது பட்டியலில் தெரியவில்லை என்றால் "கொஞ்சம் நேரமாகும்" என்று காத்திருக்க வேண்டாம். 2020 டிசம்பரிலிருந்து எழுதியது உடனே பட்டியலில் வரும். வரவில்லை என்றால் வேறு பக்கெட், வேறு கீ, அல்லது ஏற்றமே தோற்றுவிட்டது.

## அழித்தேன், அழியவில்லை

ஆப்ஜெக்ட்ஸ் ஆல் டெலீட் ஓடி முடிந்தது, எக்செப்ஷன் இல்லை, ஆனால் கோப்புகள் இருக்கின்றன. மொத்தமாக அழிக்கும் அழைப்பு பாதி தோற்றாலும் எக்செப்ஷன் எழுப்பாது. திரும்பி வரும் பதில்களின் பட்டியலில் ஒவ்வொன்றிலும் "எரர்ஸ்" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். டெலீட்ஆப்ஜெக்ட் அனுமதி இல்லையென்றால் அங்கேதான் ஒவ்வொரு கீக்கும் அக்சஸ்டினைட் என்று எழுதியிருக்கும்.

எரர்ஸ் இல்லை, பட்டியலும் வெறுமை, ஆனால் பக்கெட்டை அழிக்கப்போனால் பக்கெட்நாட்எம்ப்டி என்கிறது, பில்லும் குறையவில்லை என்றால் வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயங்குகிறது. உங்கள் டெலீட் ஒவ்வொரு கீயின் மேலும் ஒரு அழிப்புக் குறியை மட்டும் வைத்தது. உள்ளே எல்லா வெர்ஷனும் அப்படியே இருக்கின்றன. ஆப்ஜெக்ட்_வெர்ஷன்ஸ் கலெக்‌ஷனின் டெலீட்தான் அவற்றை நிஜமாக நீக்கும். அது திரும்பி வராத பாதை. அதற்கு டெலீட்ஆப்ஜெக்ட்வெர்ஷன் என்ற தனி அனுமதியும் வேண்டும். பாதியில் நின்ற பெரிய ஏற்றங்களும் பட்டியலில் தெரியாமல் இடத்துக்குக் காசு வாங்கும், மல்டிபார்ட்_அப்லோட்ஸ் கலெக்‌ஷனைச் சுற்றிப் பாருங்கள். ஆப்ஜெக்ட் லாக் (அழிக்க விடாத பூட்டு) போட்டிருந்தால் முயலவே வேண்டாம், தரவின் உரிமையாளரிடம் பேசுங்கள்.

## அழிக்கக் கூடாதது அழிந்துவிட்டது

முதலில் ஸ்கிரிப்ட்டை நிறுத்துங்கள். எழுதும் வேலைகளையும் நிறுத்துங்கள். வெர்ஷனிங் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மூச்சு விடலாம். கிளையன்ட்டின் வெர்ஷன் பேஜினேட்டரில் வரும் அழிப்புக் குறிகளில் கடைசியாக நிற்பவற்றை மட்டும் நீக்கினால் கோப்புகள் திரும்பத் தெரியும். இந்த நேரத்தில் ஆப்ஜெக்ட்_வெர்ஷன்ஸ் பக்கம் டெலீட்டோடு போகாதீர்கள். வெர்ஷனிங் இல்லையென்றால் பேக்கப் பொறுப்பாளரை அந்த நிமிடமே கூப்பிடுங்கள், இரவு எத்தனை மணியானாலும்.

முன்பு வேலை செய்த இடத்தில் எனக்கு இது நடந்தது. தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட், பிரிஃபிக்ஸ் ஒரு கான்ஃபிக் கோப்பிலிருந்து வரும். ஒருநாள் அந்த வரி வெறுமையாக வந்தது. வெறும் பிரிஃபிக்ஸ் என்றால் எஸ்3-க்கு எல்லாமே பொருந்தும். பக்கெட் முழுக்க ஆயிரம் ஆயிரமாக அழிந்துகொண்டே போனது. வெர்ஷனிங் இருந்ததால் பிழைத்தோம். மீட்டு முடிக்கும்போது விடிந்திருந்தது. அன்றிலிருந்து வெர்ஷனிங் இல்லாத பக்கெட்டில் மொத்த டெலீட்டை நான் அனுமதிப்பதில்லை.

இசி2-இல் இதற்கு இணையான பள்ளம் இன்ஸ்டன்ஸ்ஐடிஸ். வெறும் பட்டியலைக் கொடுத்தால் "எதுவும் வேண்டாம்" என்று அது எடுத்துக்கொள்ளாது. அந்த நிபந்தனையே இல்லாததுபோல ரீஜனில் இருக்கும் எல்லா இன்ஸ்டன்ஸும் வரும். அதன் பின்னால் டெர்மினேட் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியலோ பிரிஃபிக்ஸோ வெறுமையாக இருந்தால் அந்த இடத்திலேயே எக்செப்ஷன் எழுப்பி நிறுத்தும் இரண்டு வரியை எல்லா ஸ்கிரிப்ட்டிலும் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.

இன்னொன்று. "முதலில் பிரின்ட் செய்து பார்த்தேன், பிறகுதான் டெலீட் கூப்பிட்டேன்" என்பார்கள். அந்த டெலீட் புதிதாகப் பட்டியலெடுத்து அதை அழிக்கிறது. நடுவில் பத்து நிமிடம் போயிருந்தால் நீங்கள் பார்த்ததும் அழிந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒருமுறை லிஸ்ட்டாக எடுங்கள், எண்ணிக்கையும் முதல் சில கீயும் பாருங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். அப்புறம் அதே லிஸ்ட்டை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துப் பக்கெட்டின் டெலீட்_ஆப்ஜெக்ட்ஸுக்குக் கொடுங்கள். இசி2-இல் டிரைரன் உண்மை என்று கொடுத்து ஒத்திகை பார்க்கலாம், டிரைரன்ஆபரேஷன் என்ற எரர் வந்தால் அனுமதி இருக்கிறது என்று பொருள். எஸ்3 அழிப்பில் அந்த வசதி இல்லை.

## திரெட் போட்டதும் விநோதமான எரர்கள்

ரிசோர்ஸைத் திரெட்டுகளுக்கு இடையே பகிரக் கூடாது. ஒவ்வொரு திரெட்டுக்குள்ளும் தனி செஷன், தனி ரிசோர்ஸ். கிளையன்ட்டைப் பொதுவாகப் பகிரலாம்.

## இந்தச் சேவைக்கு ரிசோர்ஸே இல்லை என்கிறது

லாம்டா (சர்வரைப் பராமரிக்காமல் கோடு ஓட்டும் சேவை) போன்றவற்றுக்கு ரிசோர்ஸ் வடிவம் கிடையாது, கிளையன்ட் மட்டும்தான். ரிசோர்ஸ் இடைமுகத்தில் புது வசதி சேர்க்கும் எண்ணம் இல்லை என்று ஏடபிள்யூஎஸ் அறிவித்திருக்கிறது. இருப்பது தொடர்ந்து வேலை செய்யும். புதிதாக எழுதும் பெரிய வேலைக்கு நான் கிளையன்ட்டையும் பேஜினேட்டரையும்தான் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கலெக்‌ஷன் கோடை இதற்காக மட்டும் மாற்றி எழுத வேண்டாம்.

டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு டேட்டாபேஸ்) டேபிளின் ஸ்கேன், குவெரி இரண்டும் கலெக்‌ஷன் இல்லை, 1 எம்பி வந்ததும் நின்றுவிடும். லாஸ்ட்இவாலுவேட்டட்கீ வைத்து அடுத்ததை நீங்களே கேட்க வேண்டும். "பாதிதான் வருது" என்று வருபவர்களுக்கு இதுதான் பதில்.

## ஏடபிள்யூஎஸ் சப்போர்ட்டுக்குப் போகும்போது

இலவசத் திட்டத்தில் பில், கணக்கு சம்பந்தமான கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும், தொழில்நுட்பக் கேள்விக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அது இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். டிக்கெட் எழுதும்போது எக்செப்ஷனின் ரெஸ்பான்ஸ்மெட்டாடேட்டாவில் இருக்கும் ரிக்வெஸ்ட் ஐடி, எஸ்3 என்றால் கூடவே ஹோஸ்ட் ஐடி, ரீஜன், யுடிசியில் நேரம், போட்டோ3-இன் பதிப்பு, பிரச்சினையைத் திரும்ப வரவழைக்கும் பத்து வரிக் கோடு, இவ்வளவும் வையுங்கள். ரகசியக் கீயை மட்டும் எங்கும் ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் டிக்கெட்டை விட்டுவிட்டு முதலில் அந்தக் கீயை முடக்குங்கள்.